திறப்பு விழாவுக்காகப் பூட்டி வைத்த கழிவறை

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் நடந்த பட்டறைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டபோது நீங்கள் கொடுத்த தலைப்பு நல்ல தலைப்புதான். பள்ளியின் நிதி நிலையையும் கட்டட வசதிகளையும் பெற்றோரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? புதிதாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது கட்டாயம் தேவை. நானும் பேசினேன். எத்தனை ஸ்லைடு வைப்பது, கணக்கைச் சுருக்கமாக எப்படிக் காட்டுவது, கேள்வி நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்று என் சாமர்த்தியத்தையெல்லாம் கொட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள். நான் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் மனசு உறுத்தியது. கேள்வி நேரத்தைச் சமாளிப்பதைப் பற்றி உங்களிடம் பெருமையடித்துக்கொண்ட அதே வாயால் நான் ஒரு முறை என்ன சமாளித்தேன் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

எனக்கு வாய்த் துடுக்கு அதிகம். ஒரு காலத்தில் இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமையும் இருந்தது. மாவட்டக் கல்வி இலாகாவில் கூட்டம் என்றால், “அந்த டீச்சரைப் பேச விடுங்க, யாரும் தூங்கமாட்டாங்க” என்பார்கள். பெற்றோர் யாராவது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு எழுந்தால், ஒரே வார்த்தையில் அவரையும் சிரிக்க வைத்து உட்கார வைத்துவிடுவேன். அதை நிர்வாகத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி கிள்ளான் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அடுக்குமாடி வீடுகள் ஒரு பக்கம், தொழிற்சாலைகள் ஒரு பக்கம். பெற்றோரில் பாதிப்பேர் ஷிப்ட் வேலை செய்பவர்கள், மீதிப்பேர் லோரி ஓட்டுபவர்கள், சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள். மாணவர் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நானும் ஆசிரியைகளும் படியேறிப் படியேறி வீடு வீடாகப் போய், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கேட்போம். உங்களுக்கும் இந்த வேலை தெரியும். லிப்ட் வேலை செய்யாத கட்டடங்களில்தான் நமக்கு வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள்.

அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிவறை மோசமாக இருந்தது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் தண்ணீர் இழுக்காது. இடைவேளையில் வரிசை நிற்கும், மணி அடித்தால் பாதிப்பேர் போகாமலே வகுப்புக்கு ஓடுவார்கள். புதிதாக ஒன்று கட்டுவதென்று பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முடிவு செய்தன. இதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. பணம் திரட்டப் போனபோதுதான் வேடிக்கை.

நம் பள்ளிகளில் காற்றாடிக்கு ஆள் கிடைக்கும். இறக்கையில் பெயர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் அண்ணாந்து பார்த்தால் யாராவது ஒரு புண்ணியவான் நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருப்பார். நாற்காலிக்கு ஆள் கிடைக்கும், நூலக அலமாரிக்கு ஆள் கிடைக்கும். கழிவறைக் கதவில் தன் அப்பா பெயரை எழுதிப் பார்க்க யாருக்கு ஆசை வரும்? “மண்டபத்துக்குக் கேளுங்க டீச்சர், தரேன்” என்றார்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும், “என் பேரு எங்கயும் வராதுன்னு எழுதிக் குடுங்க, தரேன்” என்றார்.

ஆகவே அந்தக் கழிவறையைக் கட்டியது பெரும்பாலும் பெற்றோர்தான். பள்ளித் திடலில் உணவுச் சந்தை போட்டோம். நாசி லெமாக், மீகூன், முறுக்கு என்று ஆளுக்கொன்று செய்து கொண்டுவந்து விற்றார்கள். சாந்தி என்று ஒரு தாய் வடை போட்டார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, யூனிபார்மோடு நேரே திடலுக்கு வந்து அடுப்புக்குப் பின்னால் நின்றவர் மத்தியானம் வரைக்கும் உட்காரவில்லை. அவர் மகள் தர்ஷினி நான்காம் ஆண்டில் படித்தாள். கூச்ச சுபாவம். கேட்டால்தான் பதில் வரும், அதுவும் பாதி காற்றோடு போய்விடும். இந்தச் சாந்தியை நான்தான் நான்கு மாடி ஏறிப் போய்ப் பேசி, மலாய்ப் பள்ளிக்குப் போகவிருந்த பிள்ளையை நம் பள்ளிக்குக் கொண்டுவந்தேன்.

கட்டடம் முடிந்தது. அழகாக வந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளைக் கல், வரிசையாகக் கைகழுவும் தொட்டி, ஒவ்வொரு கதவுக்கும் நல்ல தாழ்ப்பாள். சங்கத் தலைவர் குணசேகரன் லோரி வைத்துத் தொழில் செய்பவர். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர். அவர் எங்கள் வை.பி.யான சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துத் திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கி வந்தார்.

“வை.பி. சரின்னுட்டாரு டீச்சர். மண்டபத்துக் கூரைக்கும் அன்னிக்கே கேட்டுடலாம் லா. நல்லபடியா வரவேற்பு குடுத்தா மனுசன் இல்லன்னு சொல்லமாட்டாரு.”

மண்டபத்துக் கூரை மழை பெய்தால் ஒழுகும். அதற்கு மானியம் வேண்டும். எனக்கும் அவர் சொன்னது சரியாகப் பட்டது. பெயர்க்கல் பதித்து, அதற்கு ஒரு சின்ன மஞ்சள் திரை போட்டோம். வாசலில் சிவப்பு நாடா கட்டினோம். விழா வரைக்கும் புத்தம் புதிதாக இருக்கட்டும் என்று பூட்டி, சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தேதிக்குச் சட்டமன்றம் கூடிவிட்டது. அடுத்த தேதிக்குத் தொகுதியில் ஒரு துக்கம். அதற்கடுத்து அவரே வெளிநாடு போய்விட்டார். ஒவ்வொரு முறையும் அவர் அலுவலகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நான் நாடாவை மட்டும் மாற்றிக் கட்டச் சொன்னேன்; வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

நான் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைநகரில் ஒரு பள்ளியில் இருந்தேன். அங்கே இருந்த தலைமையாசிரியர் நல்ல மனிதர். புதிதாகக் கட்டிய நூலகத்தைத் திறப்பு விழாவுக்கு முன்பே பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். விழாவன்று வந்த பிரமுகரின் உதவியாளர் கீழே கிடந்த கசங்கிய தாளையும் சுவரிலிருந்த கைத்தடத்தையும் பார்த்துவிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக் கத்தினார். “பழைய கட்டடத்தைத் திறக்கவா எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றார். தலைமையாசிரியர் காது மடல் வரைக்கும் சிவந்துபோய் நின்றார். அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன், இந்த நிலைமை எனக்கு வரக்கூடாது என்று. அந்த நூலகத்தில் பிள்ளைகள் நாள்கணக்கில் உட்கார்ந்து படித்ததும், திட்டு வாங்கிய மறுநாளும் அவர் அதைத் திறந்தே வைத்ததும் கண்ணெதிரே நடந்தன. அவை என் மண்டையில் ஏறவில்லை. அவர் காது சிவந்தது மட்டும் ஏறியது.

என் துணைத் தலைமையாசிரியை மேகலா ஒரு நாள் அறைக்கு வந்தார்.

“டீச்சர், பழைய டோய்லெட்ல இன்னொரு பைப்பும் போயிருச்சு. பிள்ளைங்க ரொம்ப சிரமப்படுறாங்க. புதுச திறந்து விட்டுறலாமா? நாடாவ ஓரமா அவுத்து வெச்சுக்குவோம். அவரு வர்றப்ப கழுவிட்டு திரும்பக் கட்டிடலாம்.”

“கழுவினா போற கறையா அதெல்லாம்? இத்தன நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே.”

“அப்ப பழசயாச்சும் ரிப்பேர் செய்யச் சொல்லலாமா?”

“இடிக்கப்போற கட்டடத்துக்கு எவன் செலவு பண்ணுவான்?” என்றேன்.

மேகலா போய்விட்டார். என்னிடம் யாரும் இரண்டாம் முறை எதையும் கேட்பதில்லை. அதையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. முன் வரிசையில் மாவட்டக் கல்வி இலாகா அதிகாரியும், சட்டமன்ற உறுப்பினரின் சார்பாக அவருடைய சிறப்பு அதிகாரியும். மாலை, பொன்னாடை எல்லாம் ஆனது. நிதி அறிக்கை வாசித்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கும் அப்படித்தான், கணக்கு சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அந்த நேரத்தில் மக்கள் கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். பிறகு வசதிகள் பற்றி நான் பேசினேன். புதிய கழிவறையின் படங்களைத் திரையில் போட்டேன். பளபளவென்று இருந்தது. கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் சாந்தி எழுந்தார். அன்றும் யூனிபார்ம்தான். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும் அதை எவ்வளவு தூரத்தில் பிடிப்பதென்று தெரியாமல் ஒரு நொடி விழித்தார்.

“வணக்கம் டீச்சர். புது டோய்லெட் நல்லா இருக்கு. அது எப்ப தொறப்பீங்கன்னு கேக்கலாம்னு.”

“வை.பி. அவர்கள் கூடிய சீக்கிரம் தேதி தருவாங்க அம்மா” என்று முன் வரிசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவர் உட்காரவில்லை. “அதுவரைக்கும் என் மகளுக்கு மட்டும் டீச்சருங்க டோய்லெட்ட விடுவீங்களா? அவ ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்குறா. போத்தல்ல ஊத்தி விட்டா அப்படியே திரும்பி வருது. அடிக்கடி காச்சல் வருது. கிளினிக்ல…” என்று நிறுத்தினார். இத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், மகளின் உடம்பைப் பற்றி ஒலிவாங்கியில் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. தெரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

அந்த ஒரு நொடியில் என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அந்த நொடி வரும். முன் வரிசையில் சிறப்பு அதிகாரி முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கி, பேசுவது யாரென்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வை.பி. தாமதப்படுத்துகிறார் என்று குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ? கூரை மானியம் போய்விடுமோ? ஒரு பிள்ளைக்குச் சரி என்றால் நாளைக்குப் பத்துத் தாய்மார்கள் வருவார்களே? இந்தக் கேள்வியை இங்கேயே முடித்துவிட வேண்டும், கூட்டம் சூடாவதற்குள். முடிப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“அம்மா, காலையில வீட்டுலயே எல்லாத்தையும் முடிச்சிட்டு அனுப்புங்க. பள்ளிக்கூடம் படிக்கிற இடம். நம்ம பிள்ளைங்க பரீட்சையில பதிலத்தான் அடக்கி வைக்கிறாங்கன்னு நெனச்சேன்…” என்று இழுத்தேன்.

மண்டபம் சிரித்தது. நல்ல பலமான சிரிப்பு. குணசேகரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதிகாரிகள் இருவரும் சிரித்தார்கள். சாந்தியும் கொஞ்சம் சிரித்தார், எல்லாரும் சிரிக்கும்போது நாமும் சிரிக்கவில்லை என்றால் நன்றாக இருக்காதே என்று சிரிப்பது போல. ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கேள்வி கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி.

டீ நேரத்தில் என்னைப் பாராட்டினார்கள். “டீச்சர் இருந்தா கூட்டம் டென்ஷனே ஆகாது” என்றார் இலாகா அதிகாரி. நான் மீகூனைச் சாப்பிட்டுக்கொண்டே, சாந்தி எங்கே என்று ஒரு முறை கண்ணால் தேடினேன். காணவில்லை. ஷிப்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தர்ஷினி பள்ளிக்கு வரவில்லை. மேகலாதான் வந்து சொன்னார், கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. சிறுநீரில் கிருமி. பல நாளாக அடக்கி அடக்கி, தண்ணீரும் குடிக்காமல் இருந்து, அது சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. கடுமையான காய்ச்சல், குளிர் நடுக்கம். மேகலா இதைச் சொல்லிவிட்டு என் மேசை இழுப்பறையைப் பார்த்தார். பார்த்தாரா, எனக்குத்தான் அப்படிப் பட்டதா, இன்றுவரை தெரியாது.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் ஒரு பை ஆப்பிளும் மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை படுக்கையில் சுருண்டு கிடந்தாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. சாந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். அதை நினைத்தாலும் இப்போது கூசுகிறது, அவர் நிற்க நான் உட்கார்ந்தது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, நான் இதுவரை அவளிடம் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள்.

“டீச்சர், நான் புது டோய்லெட்ட அழுக்காக்க மாட்டேன். சப்பாத்த கழட்டி வெளிய வெச்சிட்டுப் போவேன். தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்துடுவேன். சுவத்துல கை வெக்க மாட்டேன்.”

“தர்ஷினி, பேசாம படு” என்றார் சாந்தி. என்னிடம் திரும்பி, “காச்சல்ல ஏதோ பேசுறா டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

அந்தக் கட்டடத்துக்காக கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றவர் இந்தத் தாய். அதற்குள்ளே போக அவர் மகள் என்னிடம் வாக்குறுதி கொடுக்கிறாள். நான் வெட்கப்பட்டேன். இதற்கு வேறு அலங்காரமான வார்த்தை ஒன்றும் கிடையாது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நேராகப் பள்ளிக்குப் போனேன். பூட்டைத் திறந்தேன். கத்தரிக்கோல் தேடவில்லை, நாடாவைக் கையாலேயே இழுத்து அறுத்தேன். பெயர்க்கல்லின் மேல் இருந்த மஞ்சள் திரையையும் பிடுங்கினேன். குணசேகரனுக்குக் கைப்பேசியில் சொன்னபோது, “ஐயோ டீச்சர், கூரை?” என்றார். “கூரை ஒழுகட்டும்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலைச் சபைகூடலில் அறிவித்தேன், புதிய கழிவறையை இன்று முதல் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று. இடைவேளையில் போய்ப் பார்த்தால், பெண் பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தியும் உள்ளே காலை வைக்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பக்கம் போனாலே ஆசிரியைகள் விரட்டியிருந்தோம். அது உங்களுக்கு இல்லை என்று அவர்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தோம். மேகலா இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சிலர் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். போட்டுக்கொண்டே போங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, என்னைப் பார்த்துப் பயந்து இன்னும் சிலர் கழற்றினார்கள். நான் அங்கிருந்து போனபிறகுதான் அந்த வரிசை நகர்ந்தது.

அந்த மாதக் கடைசியில் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். தரையெல்லாம் ஈரம், தொட்டியில் சோப்புக் குமிழி, ஒரு கதவில் யாரோ பென்சிலால் பூ வரைந்திருந்தார்கள். அந்தப் பழைய தலைமையாசிரியரைப் போல நிற்கத் தயாராகத்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால், யாராவது என்னை நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“நல்லா இருக்கு டீச்சர். இது எப்ப முடிஞ்சது?”

சொன்னேன். விழாவுக்காகப் பூட்டி வைத்திருந்ததையும் சொன்னேன்.

“அப்போலேருந்து நான் வரணும்னா பூட்டி வெச்சிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் குணசேகரனைப் பார்த்தார், தன் சிறப்பு அதிகாரியைப் பார்த்தார். “என் ஆபீஸ்ல யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?”

யாரும் சொல்லவில்லை. திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கூரைக்கான மானியம் பிறகு முறைப்படி விண்ணப்பித்துக் கிடைத்தது. கழிவறைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. யாருக்காகப் பூட்டினேனோ அவருக்கே அது தெரியாது. யார் மேலாவது பழியைப் போட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு சின்ன ஆசை ஒளிந்திருந்தது. அதுவும் அன்றோடு போயிற்று.

தர்ஷினி குணமாகிப் பள்ளிக்கு வந்தாள். சாந்தியை அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். “பரவால்ல டீச்சர், நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க” என்றார். எனக்கு மனசு லேசானது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மண்டபம் நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதில் இருந்த கோணல் அப்போது எனக்குப் படவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் நடுவில் நிறுத்தினால், நீங்களும் நிறுத்துங்கள். கூட்டம் சூடானால் ஆகட்டும். அவரிடம், “கூட்டம் முடிஞ்சதும் இருங்கம்மா, நான் வந்து பேசுறேன்” என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு அந்த ஒரு மூச்சு இருந்தது. நான் அதை வேறொன்றுக்குச் செலவு செய்தேன். இன்னொன்றும் உண்டு. வசதி என்று நாம் ஸ்லைடில் காட்டுவது பிள்ளைகள் உள்ளே போய் வரக்கூடியதாக இருக்க வேண்டும். படத்தில் பளபளவென்று இருப்பதற்குக் காரணம் யாரும் அதைத் தொடாததுதான் என்றால், அதைக் காட்டக் கூடாது.

அந்த ஆண்டுக் கடைசியில் சாந்தி மறுபடியும் அறைக்கு வந்தார். தர்ஷினியை மலாய்ப் பள்ளிக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்றார். பக்கத்திலேயே வீடு, வீடும் மாறவில்லை. எனக்குப் புரியவில்லை.

“இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சேம்மா” என்றேன். “புது டோய்லெட் தெறந்தாச்சு. தண்ணி மெஷின்கூட வெச்சிருக்கோம். அந்த ஸ்கூல்ல டோய்லெட் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?”

“போய்ப் பாத்தேன் டீச்சர். நம்ம ஸ்கூல் அளவுக்கு நல்லா இல்ல. பழசுதான்.”

“அப்புறம் ஏம்மா?”

அவர் கோபமாக இல்லை. என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவரைப் போல இருந்தார்.

“அங்க ஆபீஸ்ல நெறைய பேரு இருந்தாங்க டீச்சர். என் மகளுக்கு இப்படி ஒரு வியாதி, அடிக்கடி டோய்லெட் போகணும், விடுவீங்களான்னு எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கேட்டேன். எந்தப் பக்கம்னு கை காட்டினாங்க. யாரும் சிரிக்கல.”

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.